ஒன்பதாவது சத்தம்

ஒன்பது என்று சொன்னது அழகுமீனாதான். அவளையும் ஊர்க்காவலனையும் தவிர இது வேறு யாருக்கும் தெரியாது.

கிணறு வெட்டும் வேலையில் அந்த எண்ணிக்கை பெரிய விஷயம். பாறையில் ஒன்பது குழி போட்டு, ஒன்பதிலும் தோட்டா வைத்துத் திரியைக் கொளுத்தினால், மேலே நிற்பவர்கள் காதில் ஒன்பது சத்தம் விழ வேண்டும். ஒவ்வொரு திரியையும் ஒவ்வொரு நீளத்தில் வெட்டியிருப்பதால் சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எட்டுதான் கேட்டது என்றால் ஒரு குழி வெடிக்காமல் உள்ளே கிடக்கிறது. அன்றைக்கு அதற்குமேல் யாரும் இறங்கக் கூடாது. மறுநாள் காலை தோட்டா வைத்தவர் மட்டும் முதலில் இறங்கி, அந்தக் குழியைத் தேடிப் பிடித்த பிறகுதான் மற்றவர்கள்.

எண்ண வேண்டியவர் தோட்டா வைப்பவர். ஊர்க்காவலன் இருபத்திரண்டு வருடமாகத் தோட்டா வைக்கிறார். அத்தனை வருடச் சத்தமும் அவருடைய காதுக்குள்தான் போயிருந்தது. காது மந்தம் என்பது கூட வேலை செய்த எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பெருசு, வேட்டி அவுருது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். எவ்வளவு மந்தம் என்பது அவர்களில் அழகுமீனாவுக்கு மட்டுமே தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, சாத்தூருக்குத் தெற்கே ஒரு கிணற்றில் வேலை நடந்தபோது அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு பேரா எண்ணினா நல்லது தாயி. நீயும் எண்ணு. வாயால வேணாம், வெரல மடக்கு" என்றார். அவள் மடக்கினாள். நாலைந்து நாள் போன பிறகுதான் கவனித்தாள்: எண்ணிக்கையைக் கத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அவர் அவளுடைய கையைப் பார்த்தார். கிணற்றுப் பக்கம் அவர் கவனமே இல்லை.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் ஜெயபாண்டியிடம்கூட. சொன்னால் பெரியவரின் பிழைப்புப் போய்விடும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை. ஆனால் அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. கல் அள்ளுகிறவள், எல்லோருக்கும் சேர்த்துச் சோறு ஆக்குகிறவள், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் வராதவள். அப்படிப்பட்டவளின் காதை நம்பி ஒரு மனிதர் நின்றார். அவர் சொல்லை நம்பி மற்றவர்கள் இறங்கினார்கள். சாயங்காலம் அடுப்பு மூட்டும்போது சில நாள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். அந்தச் சந்தோஷத்தை யாரோடும் பங்குபோட அவளுக்கு மனம் வரவில்லை.

விபத்து நடந்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருடம், வைகாசியில். வெம்பக்கோட்டைக்கு வடக்கே, பெத்தணன் என்பவருடைய நிலத்தில். இரண்டு வருடமாக மழை ஏமாற்றியிருந்தது. அறுபது அடிக் கிணற்றில் வாளியை விட்டால் தரையைத் தட்டியது. இன்னும் பத்தடி இறக்கித் தரச்சொல்லி இவர்களை அழைத்திருந்தார். கிரேன் ஓட்டச் சின்னச்சாமி, துளை போட ஜெயபாண்டி, தோட்டாவுக்கு ஊர்க்காவலன், உடைந்த கல்லை அள்ளிக் கிரேன் தொட்டியில் போட ஆறேழு பேர்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெடி. ஜெயபாண்டி அப்போது அங்கே இல்லை. துளை போடும் இயந்திரத்துக்குக் காற்றுத் தரும் கம்ப்ரசரில் டீசல் தீர்ந்துபோயிருந்தது. அதன் சொந்தக்காரரான சாத்தூர் நைனா முகம்மதுவோடு ஜீப்பில் டீசல் வாங்கப் போயிருந்தான். ஊர்க்காவலன் கீழே திரிகளைக் கொளுத்திவிட்டுத் தொட்டியில் ஏறி மேலே வந்தார். எல்லோரும் மோட்டார் அறைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். பெரியவர் வழக்கம்போல அழகுமீனாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

ஒன்று. இரண்டு. மூன்றும் நான்கும் ஒட்டிக்கொண்டு வந்தன. அதற்குப்பின் எட்டாவது வரை ஒரே சீராக வந்தது. அதன் பிறகு ஒரு இடைவெளி. கடைசித் திரியை நீளமாக வெட்டியிருந்தால் இடைவெளி இருக்கும்தான். அவள் காத்திருந்தாள். கழுத்தில் வியர்வை இறங்கியது. பின்னால் யாரோ, "முடிஞ்சுச்சா இல்லையாப்பா, காலு கடுக்குது" என்றார்கள். அப்போது ஒன்று கேட்டது. அவள் விரலை மடக்கினாள்.

"ஒம்பது" என்று ஊர்க்காவலன் கத்தினார்.

மறுநாள் முழுவதும் கல் அள்ளினார்கள். அதற்கடுத்த நாள் காலையில் ஜெயபாண்டி துளை போட இறங்கினான். மொட்டைப் பாறையில் துளைக்கத் தொடங்கினால் இயந்திரத்தின் நுனி வழுக்கும். வெடித்துப்போன குழியின் அடிப்பகுதி அரையடி, முக்காலடி மிச்சம் இருக்கும். அதில் நுனியை ஊன்றிக்கொண்டால் வழுக்காது. உள்ளே மருந்து மிச்சம் இருந்தால் வெடிக்கும், செய்யக் கூடாத வேலை. ஊர்க்காவலன் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறார். "எண்ணிக்க சரியா இருக்குல்ல, பெறகென்ன பெருசு?" என்பான் ஜெயபாண்டி.

அழகுமீனா மேலே பானையிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே கிணற்றுக்குள் ஒரு சத்தம் கேட்டது. யாரும் கத்துவதற்கு முன்னால், என்ன நடந்தது என்று அவள் புத்திக்கு எட்டுவதற்கு முன்னால், அவளுடைய கையில் ஒரு விரல் தன்னால் மடங்கியது.

தொட்டியில் படுக்கவைத்து அவனை மேலே எடுத்தார்கள். நைனா முகம்மது தன் ஜீப்பில் ஏற்றி மதுரைக்கு ஓட்டினார். "மூஞ்சியத் தொடாதம்மா. துண்ட மட்டும் பிடிச்சுக்க. பேசிக்கிட்டே வா, அவனத் தூங்க விட்டுறாத" என்றார். "இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு" என்று மதுரை வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஜெயபாண்டி பிழைத்தான். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணில் வெளிச்சம் வந்தால் வரும், சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். வலது கையில் மூன்று விரல்கள் போயின. நெற்றியிலும் கன்னத்திலும் கல் பொடி புதைந்து நீலம் பாரித்திருந்தது.

நான்காம் நாள் ஊர்க்காவலன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். லைசென்ஸைப் புதுப்பிக்காமல் தோட்டாவைக் கையாண்டதற்கும், கவனக்குறைவுக்கும் அவர்மேல் வழக்குப் போட்டு, ஜாமீனில் விட்டிருந்தார்கள். ஜெயபாண்டியின் தம்பி ஜெயச்சந்திரன் அவரைப் பார்த்த உடனே ஓடிப்போய்க் கன்னத்தில் அறைந்தான்.

"இது கேட்டுச்சாலே செவிடா? இல்ல, இன்னொண்ணு வைக்கவா? எண்ணிக்கோ."

சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு, சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியதுபோல வேறு பக்கம் பார்த்தார்கள்.

பெரியவர் கீழே விழுந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எண்ணினது நாந்தான். தப்பு எம்மேலதான்" என்றார். நாலடி தள்ளி நின்ற அழகுமீனாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பயம் என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் அது முழுக்கப் பயமில்லை. அவர் தன்னைக் காப்பாற்றுகிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணமே, இல்லை, ஒரு பொம்பளையின் விரலைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் எண்ணிக்கை சொன்னேன் என்று வெளியே தெரிவதைவிட ஜெயிலுக்குப் போவது அவருக்கு மேலாக இருக்கலாம் என்று நினைத்தாள். எது உண்மை என்று தெரியாதவரை தான் பேசாமல் இருப்பது அவருக்குச் செய்யும் உதவி என்றும் ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் எவ்வளவு வசதியாக வந்து உட்கார்ந்தது என்பதையும் அவள் பார்த்தாள்.

அதன்பிறகு ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக்கொண்டு அந்த ஒன்பதாவது சத்தத்தைத் திரும்பக் கேட்க முயன்றாள். முதல் நாள் அது மற்ற எட்டைப் போலவே இருந்தது. அடுத்த நாள் கொஞ்சம் மெலிந்தது. அதற்கடுத்த நாள், சத்தமே கேட்கவில்லையோ, விரல்தான் தானாக மடங்கியதோ என்றுகூடத் தோன்றியது. ஒரு முகத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். சொன்ன வார்த்தையை வைத்துக்கொள்ளலாம். சத்தம் அப்படி நிற்கவில்லை. அவள் எப்படிக் கேட்கப் பயந்தாளோ அப்படியெல்லாம் கேட்டது.

பன்னிரண்டாம் நாள், ஜெயச்சந்திரனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, வேலையிடத்தில் கிடந்த பாத்திரங்களையும் துணிமணிகளையும் எடுத்துவரப் போனாள். கிரேனை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார்கள். பெத்தணன் அவளைப் பார்த்ததும் வரப்பிலிருந்து இறங்கி வந்தார்.

"எப்படிம்மா இருக்கான்?"

"இருக்காக."

"சாப்பிடுறானா?"

"ஊட்டினா சாப்பிடுறாக."

அவர் வேறு எதையோ சொல்ல வந்து தயங்கினார். அவருடைய வேட்டியின் ஓரம் நனைந்திருந்தது. அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். அடியில் தண்ணீர் கருப்பாக, அசையாமல் நின்றது.

"அன்னைக்கு வெடிச்சதுல பாறை பொளந்து ஊத்து வந்துருச்சு தாயி" என்றார் பெத்தணன், ஏதோ திருடிவிட்டவர் போல. "நாலடி நிக்குது. நான் யார்ட்டயும் பெருசா சொல்லிக்கிடல."

"நல்லாருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள். அப்படித்தான் சொல்ல வந்தது. அவர் முகம் இன்னும் சுருங்கியது.

பாத்திரங்கள் மோட்டார் அறையில் இருந்தன. அவள் அறையின் பின்புறம் வழியாக வந்தாள், அன்று நின்ற இடத்துக்கு. வெயில் அன்று போலவே காய்ந்தது. கிழக்கே கல்லுக்கரடு, சின்னப் பாறைக்குன்று. அதன் மேல் ஒரு கழுகுகூட இல்லை. சட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது அது கேட்டது.

ஒரே ஒரு வெடி. கரட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பெத்தணன் தலை நிமிரவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவளும் வேறு எந்த நாளாக இருந்தாலும் நிமிர்ந்திருக்க மாட்டாள். நாரணாபுரத்தில் பிறந்தவள். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனி. வெடிச் சத்தம் கேட்டு யாராவது திரும்பிப் பார்த்தால் அவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம்.

"அது என்ன அண்ணாச்சி?"

"எது?"

"இப்பக் கேட்டுச்சே."

"அதுவா. கரட்டுக்கு அங்கன புதுசா ஒரு கம்பெனி. மதியச் சாப்பாட்டுக்குப் பெறகு சரக்குல ஒண்ணு ரெண்டு எடுத்து வெடிச்சுப் பார்ப்பாக. தையில இருந்து நடக்கு. நீங்க வந்த நாள்ல இருந்து தெனமும்தான் கேட்டிருக்கும்."

தினமும்தான் கேட்டிருக்கும். அவள் மோட்டார் அறையின் பின்பக்கத் தகரக் கதவைப் பார்த்தாள். கொண்டி போடாத கதவு. அன்று கிணற்றுக்குள் ஒவ்வொன்று வெடித்தபோதும் அது கிடுகிடுத்தது நினைவுக்கு வந்தது. முதலாவதுக்கும் எட்டாவதுக்கும் கிடுகிடுத்தது. இப்போது, கரட்டுக்கு அந்தப் பக்கச் சத்தத்துக்கு, அசையவில்லை.

அன்று ஒன்பதாவதுக்கும் அசையவில்லை. அதை அவள் அன்றே பார்த்திருந்தாள்.

சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்கு நடந்தாள்.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் மதுரைப் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஊர்க்காவலனின் மனைவி செல்லத்தாய் அவளைப் பார்த்துவிட்டாள். வக்கீலைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். பக்கத்தில் உட்காரலாமா என்று யோசிப்பதுபோல நின்றாள்.

"உக்காருங்க மதினி."

செல்லத்தாய் உட்கார்ந்தாள்.

"ஏட்டு நாளைக்கு ஒங்கிட்ட வாராராமே. ஒம் புருஷங்கிட்ட வாக்குமூலம் வாங்க."

"ஆமா."

"வக்கீலு சொன்னாரு. அவன் சொல்றதுலதான் இருக்குன்னு. செவிடுன்னு தெரிஞ்சே தொழில் பண்ணினான்னு எழுதிட்டா வருசக் கணக்குல உள்ள போடுவாகளாம்." குரலைத் தாழ்த்தினாள். "நான் அவர நல்லவருன்னு சொல்ல வரல மீனா. கண்ணு போயிருச்சு. அதுக்கு என்ன சொல்ல முடியும்? ஒரு வார்த்த கொறச்சுச் சொல்லச் சொல்லு. அம்புட்டுதான்."

அழகுமீனா சாக்கின் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் ஒன்னைய" என்றாள் செல்லத்தாய். "வீட்டுல நான் சாப்பிடக் கூப்பிட்டா அவருக்குக் கேக்காது. தோளத் தொடணும். எத்தனையோ வருசமா அப்படித்தான். இந்த மனுசன் எப்படி எண்ணினாருன்னு எனக்கு ஓடவே மாட்டேங்குது. கேட்டா, காலால கேக்கும்ங்கிறாரு. தரை அதுருமாம். நீ பக்கத்துல நிப்பியே, அப்படியா எண்ணுவாரு?"

பஸ் வந்தது. "வாரேன் மதினி" என்று எழுந்தாள். ஏறிய பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். செல்லத்தாய் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்லாமல் போனதில் அவளுக்குப் பதில் கிடைத்திருக்கலாம். அல்லது காசநோய்க்காரர்கள் பக்கத்தில் நின்றால் விலகிப் போவார்களே, அப்படி விலகிப் போனதாக நினைத்திருக்கலாம்.

மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டு அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். வார்டில் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போயிருந்தார்கள். தம்பி டீ குடிக்க வெளியே போயிருந்தான்.

"ஏட்டு எத்தன மணிக்கு?" என்றான் ஜெயபாண்டி.

"பதினோரு மணிக்குன்னாக."

"வரட்டும். காது கேக்காத பயகிட்ட எங்க உசுர ஒப்படைச்சிருந்தோம்னு சொல்றேன். எனக்கு இருட்டுன்னா அவனுக்கும் இருட்டு. ஜெயிலுக்குள்ள கெடக்கட்டும்."

பன்னிரண்டு நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். வலி குறைந்த நேரங்களில் அதற்குப் புதுப் புது வசவுகள் சேர்ப்பான். ஒரு நாள், ஊர்க்காவலனின் இரண்டு காதையும் அறுத்து எந்த மரத்தில் தொங்கவிட வேண்டும் என்று யோசித்து, அவனே சிரித்தும்விட்டான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அது ஒன்றுதான்.

"ஒண்ணு சொல்லணும் ஒங்ககிட்ட" என்றாள்.

"சொல்லு."

"ஊர்க்காவலன் அண்ணன் எண்ணல. அவருக்கு ஒண்ணுமே கேக்காது. ரெண்டு வருசமா நாந்தான் எண்ணினேன். என் கையப் பார்த்துத்தான் அவர் சொல்லுவாரு. அன்னைக்கும் நாந்தான்."

அவன் வாய்க்குள் இருந்த இட்லியை மெல்வதை நிறுத்தினான்.

"கரட்டுக்கு அங்கிட்டுப் பட்டாசுக் கம்பெனி இருக்கு. அவுக சரக்க வெடிச்சுப் பார்த்த சத்தத்த நான் ஒம்பதுன்னு மடக்கிட்டேன்."

கட்டுப் போட்ட முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கண் இருந்தால் இந்நேரம் அவன் பார்க்கும் பார்வையைத் தாங்க வேண்டியிருந்திருக்கும். அது இல்லாதது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று தோன்றி, அப்படித் தோன்றியதற்காகத் தன்னை வெறுத்தாள்.

அவன், "தண்ணி" என்றான். கொடுத்தாள். குடித்தான்.

"எங்கிட்ட எதுக்குச் சொன்ன?"

"நீங்க ஏட்டுகிட்ட…"

"அந்தாளத் திட்டிக்கிட்டே கெடந்தேன். பகலும் தெரியல, ராத்திரியும் தெரியல. அது ஒண்ணுதான் எனக்கு வேலையா இருந்துச்சு." அவன் குரல் சாதாரணமாகவே இருந்தது. "இப்ப நான் யாரத் திட்ட? சோறு ஊட்டுற கையவா?"

மிச்ச இட்லி கிண்ணத்தில் இருந்தது. இன்னொரு துண்டைப் பிட்டுக் கொண்டுபோனாள். அவன் உதட்டைத் திறக்கவில்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஏட்டு சீனிவாசகம் பதினொன்றரைக்கு வந்தார். வயதான மனிதர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துவிட்டு, கட்டிலில் கிடந்தவனிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசினார். பிறகு காகிதத்தை எடுத்தார். பேர், ஊர், எத்தனை வருடமாக இந்த வேலை, அன்று எந்த நேரம் இறங்கினான்.

"வெடிச் சத்தத்த எண்ணினது யாருப்பா?"

ஏட்டு மறுபடியும் கேட்டார்.

"அவளக் கேளுங்க" என்றான் ஜெயபாண்டி.

ஏட்டு திரும்பினார். அழகுமீனா எழுந்து நின்றாள். சொன்னாள். விரல் மடக்கியதை, பட்டாசுக் கம்பெனியை, பெரியவருக்குக் கேட்காது என்பதை. சொல்லச் சொல்ல அவர் பேனா காகிதத்தில் ஊன்றியபடியே நின்றது, நகரவில்லை.

"தோட்டா வச்சது யாரு?"

"ஊர்க்காவலன் அண்ணன்."

"எண்ண வேண்டியவரு?"

"அவருதான். ஆனா…"

"அவ்வளவுதானம்மா கேள்வி. நீ பக்கத்துல சும்மா நின்னிருக்க."

"சும்மா நிக்கல சார்."

ஏட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்தா பாரு. வேலையாள் பட்டியல்ல ஒம் பேருக்கு நேரா கல் அள்ளுற கூலின்னு இருக்கு. அந்தாளு எண்ணினது நாந்தான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான். காது கேக்காதவன், சொல்லாம மறைச்சிருக்கான், லைசென்ஸும் இல்ல. ஒன் வெரல எங்க கொண்டுபோய் எழுதச் சொல்ற? கண்ணு போன புருஷன வச்சுக்கிட்டு நீயும் கோர்ட்டுக்கு அலையணுமா? பாவம் பார்த்து அடுத்தவன் பாரத்தத் தூக்கித் தலையில போட்டுக்காத."

அவர் நல்ல மனிதராகத்தான் பேசினார். அதனால்தான் அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் தன்னுடையதாக வைத்திருந்த அந்த எண்ணிக்கை, இப்போது எல்லோர் முன்னாலும் எடுத்து வைத்தபோது, யாருக்கும் வேண்டாததாக இருந்தது.

ஏட்டு எழுதி முடித்து வாசித்தார். காது கேளாத ஊர்க்காவலன் என்பவர் எண்ணிக்கையைத் தவறாகச் சொன்னதை நம்பி நான் துளையிட்டதில், என்று வந்தது.

"அப்படி இல்லைங்க" என்றாள் அழகுமீனா.

"நீ சொல்லுப்பா" என்றார் ஏட்டு, ஜெயபாண்டியிடம். "இதுல ஏதும் மாத்தணுமா?"

வார்டின் அந்தக் கோடியில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஜெயபாண்டி இடது கையைப் போர்வைக்கு வெளியே நீட்டினான். ஏட்டு அந்தக் கட்டைவிரலில் மையைத் தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அவள் ஈரத்துணியால் மையைத் துடைத்தாள். நகக்கண்ணில் ஒட்டியது போகவில்லை.

"அந்தாள் மேலேயே இருக்கட்டும்" என்றான். "நீயும் போயிட்டா எனக்கு யாரு?"

செல்லத்தாய்க்கு யார் என்று கேட்கலாம். கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று தெரிந்திருந்தது. அதை அவன் வாயால் சொல்லவைக்க வேண்டாம் என்று இருந்தாள். செல்லத்தாயிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும். வக்கீலிடமும் சொல்ல வேண்டும். அவர் எழுதிக்கொள்வாரா, ஏட்டைப் போலவே பேனாவை நிறுத்திக்கொள்வாரா, தெரியாது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

"மீனா."

"ம்."

"அந்தச் சத்தம் வேற மாதிரி இருந்துச்சா? கெணத்துக்குள்ள வர்றதுக்கும் வெளிய வர்றதுக்கும் ஒனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"தெரியும். வேற மாதிரிதான் இருந்துச்சு."

"பெறகு ஏன் மடக்கின?"

இந்தக் கேள்விக்குள் அவள் இதுவரை போனதில்லை. போகாமல் சுற்றிச் சுற்றியே வந்திருந்தாள். அவன் கேட்ட உடனே பதில் முழுசாக எதிரில் வந்து நின்றது.

மாசி மாதத்தில், இதற்கு முந்தின கிணற்றில், அவள் எட்டோடு நிறுத்தியிருந்தாள். எட்டு என்று பெரியவர் கத்தினார். அரைநாள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலையில் அவர் இறங்கித் தேடிப் பார்த்தால், ஒன்பது குழியும் வெடித்திருந்தது. இரண்டு ஒரே நேரத்தில் வெடித்திருக்கின்றன. அவர் தொட்டியில் ஏறி மேலே வந்தபோது ஜெயபாண்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பெருசு எட்டாப்போட பள்ளிக்கூடத்த நிறுத்திட்டாரு போல. ஒம்பதாப்பு வாத்தியாரு அடிப்பாருன்னு பயம்" என்றான். கிணற்றைச் சுற்றி ஒரே சிரிப்பு. பெரியவருக்கு அது கேட்கவில்லை, எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். அழகுமீனாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும் என்று சிரித்தாள்.

வைகாசியில், எட்டாவதுக்குப் பிறகு அந்த இடைவெளியில் நின்றபோது, காதில் இருந்தது அந்தச் சிரிப்புதான். இன்னொரு தடவை அவரை அப்படி நிற்கவைக்கக் கூடாது என்று இருந்தது. ஒன்பதாவது வந்துவிட வேண்டும் என்று இருந்தது. எங்கிருந்தோ ஒன்று வந்தது.

சொல்லிவிடலாம். கேட்டுத்தானே கிடக்கிறான். சொன்னால், திட்டுவதற்கு ஆள் இல்லாமல் கிடக்கிறவனுக்கு ஒரு ஆள் கிடைப்பான். அந்த ஆள் இந்தக் கட்டிலிலேயே படுத்திருப்பான். இருட்டுக்குள் அவனும் அந்தச் சிரிப்பும் மட்டும் இருப்பார்கள்.

"கேக்குறேன்ல" என்றான். "ஏன் மடக்கின?"

அவன் முகம் அவளுடைய குரல் வரும் பக்கம் திரும்பியிருந்தது. இனிமேல் அவள் சொல்லும் எல்லாவற்றையும் அவன் காதை வைத்துத்தான் நிஜமா பொய்யா என்று பார்ப்பான். அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, குரல் எங்கும் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தெரியலங்க."